முதல் ராஸ்ப் வாங்கப் போகிறீர்களா? மூன்று முறை ஏமாந்தவன் எழுதும் வழிகாட்டி

ஒரு நாற்காலியின் கையை உருட்டி எடுக்க வேண்டியிருந்தது. உளியாலேயே முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. ராஸ்ப், அதாவது மரத்தைத் துருவி வடிவம் எடுக்கிற முள்பல் அரம், இருந்தால் சுலபம் என்றார்கள். மூன்று அரம் கொண்ட செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். மரம் வேகமாகத்தான் கரைந்தது. உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்தேன். இரண்டாவது பூச்சு காய்ந்த மறுநாள் காலை, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது: கை முழுக்க, சீப்பால் வாரியது போல ஒரே சீரான கோடுகள். வார்னிஷைச் சுரண்டி எடுத்து அந்தக் கோடுகளை ஒழிக்க இரண்டு முழு நாள் போனது. தேய்த்த தேய்ப்பில் வளைவும் சப்பையாகிவிட்டது.

அதற்குப் பிறகும் புத்தி வராமல் இன்னும் இரண்டு தவறான அரம் வாங்கினேன். அவற்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன். நீங்கள் அந்த மூன்றையும் தாண்டி நேராக நாலாவதை வாங்கினால் போதும்.

1. அரமா, ராஸ்பா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"மர அரம்" என்று கேட்டால் கடைக்காரர் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார். இரும்பு ராவுகிற அரத்தில் குறுக்கே வரி வரியாக வெட்டு இருக்கும்; ஒவ்வொரு வரியும் ஒரு நீளமான பல். ராஸ்பில் வரியே கிடையாது. துருவியில் இருப்பது போலத் தனித்தனி முள்ளாகப் பல் எழும்பி நிற்கும். அரத்தை மரத்தில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். ராஸ்பில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இடம் இருப்பதால் துருவல் வெளியே விழுந்துவிடும்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, குதிரைக் குளம்பைத் தேய்ப்பதற்கான அரம். ஏறக்குறைய 35 செ.மீ. நீளம், அகலமான பட்டை, ஒரு பக்கம் முரட்டு முள், மறுபக்கம் இரும்பு அரம். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், விலையும் குறைவு. என்னுடைய இரண்டாவது தவறு இதுதான். மரத்தை மளமளவென்று குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உருண்ட பக்கம் இல்லாததால் உள்வளைவுக்குள் போகாது. விட்டுச்செல்லும் பள்ளங்களை நிரவவே இன்னொரு கருவி வேண்டும்.

இன்னொன்று, பிடியே இல்லாமல் இரு முனையிலும் வேலை செய்கிற "நாலும் ஒன்றில்" அரம். பட்டை, அரைவட்டம், முரடு, மென்மை எல்லாம் ஒரே துண்டில். ஒவ்வொரு பகுதியும் ஒரு சாண் கூட வராது. கை நீட்டித் தள்ளவே இடமில்லாத கருவியால் சீரான வளைவு எடுக்க முடியாது. வாங்காதீர்கள்.

2. வடிவமும் நீளமும்

முதல் ராஸ்ப் அரைவட்டமாக இருக்கட்டும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, நுனி நோக்கிக் குறுகிச் செல்கிற வகை. தட்டைப் பக்கம் வெளிவளைவுக்கு, உருண்டைப் பக்கம் உள்வளைவுக்கு. கருவிப் பட்டியல்களில் இதைக் கேபினட் ராஸ்ப் என்பார்கள். உருண்டை ராஸ்ப், எலிவால் போல மெலிந்தது, இரு முனையும் வளைந்த ரிஃப்ளர் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானோருக்கு அந்தப் பின்னால் வருவதே இல்லை.

நீளம் 250 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கால், ரம்பப் பிடி, கோடரிக் காம்பு எல்லாவற்றுக்கும் வரும். கரண்டி, பொம்மை மாதிரிச் சின்ன வேலை மட்டும் என்றால் 150 மி.மீ. போதும். அரத்தின் நீளத்தை அளக்கும்போது பிடிக்குள் போகும் வாலைச் சேர்க்க மாட்டார்கள் என்பது நினைவிருக்கட்டும். 250 என்று போட்டிருந்தால் பல் உள்ள பகுதியும் தோளும் சேர்ந்து 250, வால் தனி.

வாங்கும் முன் ஒரு அட்டைத் துண்டு எடுத்து, நீங்கள் குடையப்போகிற உள்வளைவை வரைந்து வெட்டுங்கள். ராஸ்பின் உருண்டைப் பக்கம் அந்த வளைவைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். குறைவாக வளைந்திருந்தால் என்ன ஆகும்? ராஸ்பின் இரண்டு ஓரமும்தான் மரத்தைத் தொடும். நடுவில் மேடு நிற்க, இரு பக்கமும் இரண்டு வாய்க்கால் விழும். நுனி குறுகலாக இருப்பதால் அங்கே வளைவு அதிகம், அடியில் குறைவு. ஒரே கருவியில் பல அளவு கிடைக்கிறது. அரைவட்டத்தைச் சொல்வது அதனால்தான்.

3. பல்லைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

நாற்காலிக் கையில் விழுந்த கோடுகளுக்குக் காரணம் இங்கே இருக்கிறது. மலிவான ராஸ்பில் பல்லை இயந்திரம் போடுகிறது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்கு நேர் பின்னால், அளவெடுத்தது போல. தள்ளும்போது முதல் பல் போட்ட கீறலிலேயே அடுத்த பல்லும் ஓடுகிறது, அதற்கடுத்ததும் ஓடுகிறது. பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும்; இரண்டு பள்ளத்துக்கு நடுவில் இருக்கும் மேட்டைத் தொட எந்தப் பல்லும் வராது. போதாக்குறைக்கு, வரிசைகள் ஒரே தாளத்தில் மரத்தில் இடிப்பதால் ராஸ்ப் கடகடவென்று அதிரும்.

கையால் பல் போட்ட ராஸ்ப் வேறு மாதிரி. எஃகு இன்னும் மென்மையாக இருக்கும்போதே, கூரான சிறு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு பல்லாக எழுப்புகிறார்கள். அம்மி கொத்துகிற மாதிரிதான்: கை பழகிய சீர் இருக்கும், ஆனால் எந்த இரண்டு கொத்தும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. எல்லாப் பல்லும் போட்ட பிறகுதான் எஃகைச் சூடேற்றி, குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். அந்தச் சின்னச் சின்ன ஒழுங்கின்மைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. ஒரு பல் விட்டுச்சென்ற மேட்டை இன்னொரு பல் சீவிவிடும். முரட்டுப் பல் உள்ளதிலும் பரப்பு வியக்கும்படி வழவழப்பாக வரும்.

நேரில் வாங்குவதானால் ராஸ்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை நீளவாக்கில் பாருங்கள். நடவு வயலின் வரப்போரம் நின்று பார்ப்பது போல நேர்நேர் சந்துகள் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். எந்தச் சந்தும் தெரியாமல் முழுக்க முள்ளாகத் தெரிந்தால் அது நல்லது. அடுத்து நுனியையும் ஓரத்தையும் பாருங்கள். நல்ல ராஸ்பில் பல் நுனிவரை, ஓரம்வரை போகும். நுனியில் ஒரு விரல் அகலம் மொட்டையாக விட்டிருந்தால், குறுகலான மூலையில் அது உதவாது.

இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். "கைவேலை" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பிடியைக் கையால் பொருத்திவிட்டு அதையே கைவேலை என்று விற்கிறவர்கள் உண்டு. "பல் கையால் போட்டதா?" என்று அதே சொற்களில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

4. எண்ணைத் தலைகீழாகப் படிக்காதீர்கள்

மூன்றாவது தவறு இங்கே நடந்தது. பிரான்சில் கையால் பல் போடுகிற ஒரியூ, லியோஜியே ஆகிய இரண்டு பட்டறைகளும் பல்லின் நெருக்கத்தை எண்ணால் குறிக்கின்றன. 1 மிக முரடு, 15 மிக மென்மை. நான் எண் பெரிதானால் வெட்டும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு 13 வாங்கினேன். அது கடைசி மெருகுக்கானது. அதை வைத்துச் சதுரக் கட்டையை உருட்டப் பார்த்தது, கரண்டியால் கிணறு வெட்டிய கதை.

முதல் ராஸ்புக்கு 9 எடுங்கள். ஓரளவு வேகமாகவும் குறைக்கும், அடுத்து ஸ்கிரேப்பரோ (மரத்தைச் சுரண்டும் எஃகுத் தகடு) உப்புத்தாளோ போடும் அளவுக்குப் பரப்பையும் விடும். நிறைய மரம் கழிக்க வேண்டிய வேலை என்றால் 6. இரண்டாவது வாங்கும் நாள் வந்தால் 13ஐயோ அதற்குப் பக்கத்து எண்ணையோ சேர்த்துக்கொள்ளலாம்.

இயந்திர ராஸ்புகளில் எண்ணுக்குப் பதில் பாஸ்டர்ட், செகண்ட் கட், ஸ்மூத் என்று பெயர் இருக்கும். முரட்டிலிருந்து மென்மைக்குப் போகும் வரிசை அது. ஆனால் அந்தப் பெயர் நீளத்தோடு சேர்ந்துதான் பொருள் தரும். 300 மி.மீ. ஸ்மூத், 150 மி.மீ. ஸ்மூத்தைவிட முரடாக இருக்கும். பெயர் ஒன்றுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நிக்கல்சன் நிறுவனத்தின் 49, 50 என்ற இரண்டும் இந்தக் கணக்கில் வராது. அவை வெறும் மாடல் எண்கள். இரண்டில் 49 முரடு, 50 மென்மை. இயந்திரத்தில் செய்தாலும் பல் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டவை அவை.

5. இடக்கைக்காரரா?

அப்படியானால் ஆர்டரில் அதைக் குறிப்பிட வேண்டும். கையால் பல் போடும்போது பல்லுக்கு லேசான சாய்வு வந்துவிடுகிறது. வலக்கைக்காரர் ராஸ்பைக் குறுக்குச் சாய்வாகத் தள்ளும் திசைக்கு அது பொருந்தும், இடக்கைக்காரருக்கு எதிராகிவிடும். மேலே சொன்ன இரண்டு பட்டறைகளிலும் எந்தக் கை என்று தேர்ந்தெடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் வலக்கைக்கானதுதான் வரும்.

6. பணத்தை எங்கே போடுவது

கையால் பல் போட்ட நல்ல ராஸ்ப் ஒன்றின் விலைக்குச் சாதாரண ராஸ்ப் எட்டு, பத்துகூட வாங்கிவிடலாம். கேட்டதும் மூச்சு நின்றுவிடும். என்னுடைய கணக்கு இது: மூன்று தவறான அரத்துக்குக் கொடுத்த காசு, வீணான வார்னிஷ், தீர்த்த உப்புத்தாள் எல்லாம் சேர்த்தால் அந்த ஒன்றின் விலையையே தாண்டிவிட்டது. போன நாட்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அவ்வளவு முடியாது என்றால் வேறு வழிகள் உண்டு. மலிவுச் செட் அந்த வழிகளில் ஒன்று அல்ல.

ஷின்டோ என்ற ஜப்பானிய ரம்ப ராஸ்பைப் பாருங்கள். இரும்பு அறுக்கும் ரம்ப அலகுகள் போன்றவற்றை மடித்துச் சேர்த்து வலை மாதிரி ஆக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் மென்மை. தூள் அடைக்கவே அடைக்காது, விலையும் எட்டக்கூடியது. தட்டை மட்டும்தான் என்பது குறை. வெளிவளைவு வேலை அதிகம் உள்ளவருக்கு முதல் கருவியாக இதையே சொல்வேன். இதே ஜப்பானிலிருந்து வரும் இவாசாகி அரங்கள் சின்னச் சின்ன இழைப்புளிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி வெட்டும். பரப்பு அருமையாக வரும். மைக்ரோபிளேன் வகை மெல்லிய தகட்டில் செய்தது. மழுங்கினால் தகட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அழுத்தினால் தகடு நெளியும்.

செட் மட்டும் வேண்டாம். ஐந்து அரம் உள்ள செட்டில் இரண்டைத்தான் தொடுவீர்கள். அந்த இரண்டும் சுமாராகத்தான் இருக்கும்.

பழையது கிடைத்தால்? பல் உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். லேசாகத் துரு மட்டும் பிடித்திருந்தால் வெள்ளை வினிகரில் ஒரு இரவு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் அரிப்பதால் பல்லுக்குச் சிறிது கூர் திரும்பும். மொட்டையாகத் தேய்ந்த பல்லுக்கு இது மருந்தாகாது.

7. ஆர்டர் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

கையால் செய்யும் பட்டறைகள் பல சமயம் ஆர்டர் வந்த பிறகுதான் பல் போட ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கையில் அவசர வேலை இருந்தால் அதை நம்பி மரத்தை அறுத்து வைக்காதீர்கள்.

நீளம், எண், வடிவம், எந்தக் கை, பிடி உண்டா இல்லையா: இந்த ஐந்தும் ஆர்டர் உறுதிப்படுத்தும் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் உடனே எழுதிக் கேளுங்கள். பல் போட்ட பிறகு மாற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து வருவதானால் அனுப்பும் செலவோடு சுங்க வரியும் சேரும். பொருளின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் பார்சல் வாசலுக்கு வரும்போது திகைப்பீர்கள். திருப்பி அனுப்பும் விதியையும் படியுங்கள்: எத்தனை நாளுக்குள், அனுப்பும் செலவு யாருடையது, மரத்தில் தேய்த்துப் பார்த்த ராஸ்பைத் திரும்ப எடுப்பார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். தேய்க்காமல் ராஸ்பை எப்படிச் சோதிப்பது? ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியையும் ஒரு மாதம் வைத்திருங்கள்.

8. பெட்டி வந்த அன்றே சோதியுங்கள்

நாள் கடத்தினால் திருப்பி அனுப்பும் கெடு போய்விடும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் நேராக இருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சூடேற்றிக் குளிரவைக்கும்போது எஃகு லேசாக வளைவது உண்டு. தாள் கனத்துக்கு இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் எடையே போடாமல் வைத்து மெதுவாக முன்னே நகர்த்துங்கள். பல் நகத்தைப் பற்ற வேண்டும். வழுக்கினால் கூர் இல்லை. விரல் சதையில் சோதிக்க வேண்டாம். புது ராஸ்ப் தோலையும் துருவும்.

அப்புறம் கடினமான மரத்துண்டு ஒன்றைப் பிடி இரும்பில் (வைஸ்) இறுக்கி, மேற்பரப்பில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கிறுக்குங்கள். தட்டைப் பக்கத்தால் ஒரே திசையில், சமமான அழுத்தத்தில் பத்துத் தள்ளு. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பென்சில் கறை பரவலாகப் போயிருக்க வேண்டும். எல்லா இடமும் மென்மையாக இருந்து ஒரே ஒரு கோடு மட்டும் ஆழமாக ஓடினால், ஏதோ ஒரு பல் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். உருண்டைப் பக்கத்தையும் இதே போலப் பாருங்கள்; அந்தப் பக்கம் பல் போடுவது கடினம், குறை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

9. பிடி

பிடி இல்லாமல் ஒரு தள்ளுகூட வேண்டாம். ராஸ்ப் மரத்தில் சட்டென்று சிக்கினால் கூரான வால் உள்ளங்கைக்குள் இறங்கும். வாங்கிய பிடியோ நீங்கள் கடைந்ததோ, வாலின் கனத்துக்கு ஏற்பத் துளை போட்டு, பிடியின் அடிப்பக்கத்தைக் கெட்டியான மரத்தில் தட்டித் தட்டி இறக்குங்கள். ராஸ்பின் நுனியில் சுத்தியலால் அடித்தால் உடைந்துவிடும். பல் உள்ள எஃகு கண்ணாடி மாதிரிக் கடினமானது.

10. முதல் மாதத்தில் கெடுத்துவிடாமல் இருக்க

தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரு கை பிடியில், மறு கை நுனியில். மரத்தின் நாருக்கு நேராகவோ குறுக்காகவோ அல்லாமல் சாய்வாகத் தள்ளி, தள்ளும்போதே கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். விளிம்பை நோக்கி வெளியே தள்ளினால் சிலாம்பு பெயரும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுங்கள்.

புது ராஸ்பைக் கெடுப்பதில் முதலிடம் பிடி இரும்பின் தாடைக்கு. கட்டையைத் தாழ்வாக இறுக்கிவிட்டு வேகமாகத் தேய்க்கும்போது ராஸ்பின் ஓரம் தாடையில் உரசும். ஒரு உரசலில் ஒரு வரிசைப் பல் போய்விடும். தாடைக்கு மேல் மரப் பலகை கட்டுங்கள். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் கெட்டிப் பசையை முதலில் உளியால் எடுத்துவிடுங்கள். தேக்கு மாதிரி மணற்சத்து உள்ள மரம் பல்லைச் சீக்கிரம் தேய்க்கும். அதற்கென்று பழைய ராஸ்ப் ஒன்றை ஒதுக்கலாம்.

சுத்தம் செய்ய நைலான் பிரஷ் போதும். பல் வரிசை ஓடும் சாய்விலேயே தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் மென்மையான எண்களின் கூரை மழுக்கிவிடும். பிசின் ஒட்டியிருந்தால் டர்பன்டைன் தொட்டு ஊறவிட்டுத் தேயுங்கள். வேலை முடிந்ததும் துணிச்சுருளில் தனித்தனி அறையாகத் தைத்து வையுங்கள். ராஸ்புகளை ஒன்றாக டிராயரில் போட்டால் ஒன்றின் பல்லை இன்னொன்று தின்னும்.

இன்னொரு விஷயம், யாரும் எனக்குச் சொல்லாதது. உப்புத்தாள் போட்ட பிறகு "இந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம்" என்று ராஸ்பைத் திரும்ப எடுக்காதீர்கள். தாளிலிருந்து உதிர்ந்த பொடி மரத்தின் துளைகளில் உட்கார்ந்திருக்கும். ராஸ்ப் அந்தப் பொடியின் மேல்தான் ஓடும், பல் மழுங்கிவிடும். வளைவு திருப்தியாக இருக்கிறதா என்று உப்புத்தாளைத் தொடும் முன்பே கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். கண் தவறவிட்ட மேட்டை விரல் பிடித்துவிடும். அந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு, நாலு தள்ளு தள்ளி, மறுபடி தடவுங்கள்.